ரெஸ்பான்சிவ் வடிவமைப்பு என்றால் என்ன? கல்லூரியின் இணையவழிப் பாடத்தளத்துக்கு அது ஏன் தேவை?

திறக்கும் திரையின் அகலத்தைப் பார்த்து, ஒரே வலைப்பக்கம் தன் அமைப்பை மாற்றிக்கொள்வதுதான் ரெஸ்பான்சிவ் வடிவமைப்பு. 2010-இல் ஈத்தன் மார்காட் என்ற வடிவமைப்பாளர் சூட்டிய பெயர் இது.

பெரிய வீட்டிலிருந்து சின்ன வீட்டுக்குக் குடிபோகும்போது கட்டிலையும் பீரோவையும் யாரும் சுருக்குவதில்லை. இடத்துக்கேற்ப மாற்றிப் போடுகிறோம். அப்படித்தான், கணினியில் பாடப்பட்டியல், காணொளி, அசைன்மென்ட் தேதிகள் என்று அருகருகே இருப்பவை கைப்பேசியில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்.

'திரை அகலத்துக்கு ஏற்பக் காட்டு' என்று பக்கத்தின் நிரலில் ஒரு வரி இல்லாவிட்டால், கைப்பேசி உலாவி அதைக் கணினிக்கான பக்கமாக எடுத்துக்கொண்டு மொத்தத்தையும் சுருக்கிவிடும். மாணவர் விரலால் பெரிதாக்கி, இடமும் வலமுமாக நகர்த்திப் படிக்க வேண்டும். நேரக் கட்டுப்பாடுள்ள தேர்வில் இது பெரிய அநியாயம். பாடம் தெரிந்தவருக்கும் மதிப்பெண் போகும். பார்வை குறைந்தவர் கணினியில் எழுத்தை நான்கு மடங்கு பெரிதாக்கும்போதும் இதே சிக்கல்தான். அதனால்தான் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளம் அமைப்பதற்காக 2018-இல் வந்த வலை அணுகல் வழிகாட்டியின் (WCAG) 2.1 பதிப்பு, சிறிய கைப்பேசித் திரையளவான 320 பிக்சல் அகலத்திலும் பக்கவாட்டில் நகர்த்தாமல் படிக்க முடிய வேண்டும் என்கிறது.

தளம் ரெஸ்பான்சிவ் ஆனால் அதில் ஏற்றிய பிடிஎஃப் குறிப்புகளும் தானாக மாறும் என்று பலர் நம்புகிறார்கள்; மாறாது, அவற்றின் பக்க அளவு உருவாக்கும்போதே நிலைத்துவிடுகிறது, ஆகவே முக்கியப் பாடங்களை வலைப்பக்கமாகவே எழுதுங்கள்.