செவ்வாய்ல ஒரு வண்டி இறங்கினா ஏன் இவ்ளோ பேர் கை தட்டுறாங்க?

செவ்வாய் கிரகத்துல இறங்கி ஓடுற ஆளில்லா வண்டிகள், அதாவது ரோவர்கள் பத்தி வாசகர்கள் நிறைய பேர் கேட்டிருக்கீங்க, அதனால இந்த தடவை கேள்வி பதில் முழுக்க அது மட்டும்தான்.

கேள்வி: மனுஷன் யாரும் போகல, ஒரு மெஷின்தான் போய் இறங்குது. அதுக்குப் போய் கண்ட்ரோல் ரூம்ல அழுறாங்க, கட்டிப்பிடிச்சுக்கிறாங்க. இது கொஞ்சம் ஓவரா தெரியலயா?

பதில்: எனக்கு ஓவரா தெரியலங்க. அங்க உக்காந்திருக்கிறவங்க நிலைமைய யோசிச்சுப் பாருங்க. 2012 ஆகஸ்ட்ல நாசாவோட கியூரியாசிட்டி ரோவர் இறங்கினப்போ செவ்வாய்ல இருந்து சிக்னல் பூமிக்கு வர கிட்டத்தட்ட 14 நிமிஷம் ஆச்சு, ஆனா காத்து மண்டலத்துக்குள்ள நுழைஞ்சு தரையத் தொடுறதுக்கு வெறும் 7 நிமிஷம்தான். அதாவது உள்ள நுழைஞ்சிருச்சுங்கிற தகவல் கலிஃபோர்னியாவுல நாசாவோட ஜேபிஎல் ஆய்வகத்துக்கு வந்து சேர்றப்பவே அங்க எல்லாம் முடிஞ்சு போச்சு, வண்டி ஒண்ணு முழுசா நிக்குது இல்லன்னா நொறுங்கிக் கிடக்குது, எதுன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியாது, தெரிஞ்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது. வருஷக்கணக்கா ராப்பகலா உழைச்சவங்க கையக் கட்டிக்கிட்டு ஸ்கிரீனப் பாத்துட்டு இருக்கணும். அப்புறம் முதல் படம் வருது, கறுப்பு வெள்ளையில ரொம்ப சின்ன படம், கேமரா மூடி மேல தூசி, ஓரத்துல ஒரு சக்கரம், அந்த சக்கரம் வேற ஒரு கிரகத்து மண்ணு மேல நிக்குது. அதப் பாத்து கண்ணு கலங்காம எப்படி இருக்கும்? நியூயார்க்ல டைம்ஸ் ஸ்கொயர்ல ராத்திரி ஒரு மணிக்கு மேல ஆகியும் ஜனங்க பெரிய ஸ்கிரீனுக்கு கீழ நின்னு பாத்துக் கத்துனாங்க, அவங்க யாரும் இன்ஜினியர் கிடையாது.

கேள்வி: பாராசூட் இருக்கு இல்ல? அதுல மெதுவா இறக்கிட்டுப் போக வேண்டியதுதானே, இதுல என்ன அவ்ளோ கஷ்டம்?

பதில்: அங்க காத்து ரொம்ப கம்மி, அழுத்தம் நம்ம பூமியில இருக்கிறதுல நூத்துல ஒரு பங்குக்கும் கீழ. உள்ள பாயுற வேகத்துக்கு சூடேறி எரியுற அளவுக்கு காத்து இருக்கு, ஆனா பாராசூட்டை நம்பி தரை வரைக்கும் இறங்குற அளவுக்கு இல்ல, அதுதான் சிக்கல். 2021 பிப்ரவரி 18 அன்னிக்கு பெர்சவரன்ஸ் ரோவர் இறங்கினதை எடுத்துக்கோங்க. மணிக்கு 19,500 கிலோமீட்டர் வேகத்துல உள்ள நுழைஞ்சுது, வெப்பக் கவசம் 1,300 டிகிரி வரைக்கும் சூடாகும்னு கணக்கு. பெரும்பாலான வேகத்தை அந்தக் கவசமே குறைச்சிருச்சு, அதுக்கப்புறம் 21.5 மீட்டர் அகலத்துல பாராசூட் விரிஞ்சுது, அப்பவும் வேகம் போதுமான அளவுக்கு குறையல. கடைசியா எட்டு ராக்கெட் இன்ஜின் வச்ச ஒரு மேல்தட்டு, அது அந்தரத்துல கிட்டத்தட்ட நின்னுக்கிட்டு, கிணத்துல வாளி விடுற மாதிரி கயிறு கட்டி ரோவரை கீழ இறக்குச்சு. சக்கரம் தரையத் தொட்டதும் கயிறு அறுபட்டு மேல்தட்டு தூரமாப் பறந்து போய் விழுந்துருச்சு, இல்லன்னா வண்டி மேலயே வந்து விழுந்திருக்கும்.

1997ல சோஜர்னர்ங்கிற குட்டி ரோவர் போனப்போ காத்துப் பை சுத்தி உருட்டி விட்டாங்க, அது வெறும் பத்து கிலோ சொச்சம். பெர்சவரன்ஸ் 1,025 கிலோ, அதை உருட்டி விட முடியாது. இந்தக் கயிறு ஐடியாவை முதல்ல கேட்டப்போ பைத்தியக்காரத்தனம்னு நினைச்சவங்க நிறைய பேர், ஆனா கியூரியாசிட்டி, பெர்சவரன்ஸ் ரெண்டு தடவையும் பிசகாம வேலை செஞ்சுது. மனுஷன் கண்டுபிடிச்சதுலயே ரொம்ப அழகான விஷயங்கள்ல இதுவும் ஒண்ணுன்னு நான் சொல்லுவேன். பாராசூட் விரியுறதுல இருந்து சக்கரம் புழுதிக்குள்ள இறங்குற வரைக்கும் கேமரா வச்சு எடுத்த வீடியோவ நாசா வெளியிட்டிருக்கு, பாக்காதவங்க அவசியம் பாருங்க.

கேள்வி: ரோவரை வீடியோ கேம் மாதிரி ஜாய்ஸ்டிக் வச்சு ஓட்டுவாங்களா?

பதில்: முடியாதுங்க. குழி இருக்கு பிரேக் போடுன்னு இங்கிருந்து சொன்னா அது போய் சேர பல நிமிஷம் ஆகும், அதுக்குள்ள வண்டி குழிக்குள்ள இருக்கும். அதனால மறுநாள் என்ன செய்யணும்னு மொத்தமா எழுதி அனுப்பிடுவாங்க, வழியில பாறை வந்தா சுத்திப் போறதை வண்டியே பாத்துக்கும். செவ்வாய்ல ஒரு நாள் நம்ம நாளை விட சுமார் 40 நிமிஷம் ஜாஸ்தி, அதனால இறங்கின முதல் சில மாசம் அந்த டீம் செவ்வாய் நேரத்துக்குத்தான் வாழ்வாங்க, தினமும் 40 நிமிஷம் தள்ளித் தள்ளி, கொஞ்ச நாள்ல விடியக்காலை மூணு மணிக்கு வேலைக்கு வர்ற மாதிரி ஆயிடும்.

கேள்வி: ஆப்பர்ச்சுனிட்டி ரோவர் கடைசியா "பேட்டரி கம்மியா இருக்கு, இருட்டிக்கிட்டு வருது"ன்னு மெசேஜ் அனுப்புச்சாமே, படிச்சு அழுதுட்டேன். உண்மையா?

பதில்: ரோவர் வாக்கியமா பேசாதும்மா, அது அனுப்புறது எண்கள் மட்டும்தான். 2018 ஜூன்ல பெரிய புழுதிப் புயல் வந்து சூரியனையே மறைச்சிருச்சு, சோலார் பேனல்ல கரன்ட் ஏறல, மின்சாரம் எவ்ளோ மிச்சம், வானம் எவ்ளோ மங்கல்ங்கிற கணக்குதான் கடைசியா வந்துச்சு. அதோட அர்த்தத்தை ஒரு பத்திரிகையாளர் அந்த மாதிரி எழுத, அது உலகம் பூரா சுத்திருச்சு. ஆனா நீங்க அழுததுல தப்பே இல்ல. 90 செவ்வாய் நாள் ஓடினா போதும்னு அனுப்பின வண்டி அது, 14 வருஷத்துக்கு மேல ஓடுச்சு, 45 கிலோமீட்டர் போச்சு. புயலுக்கு அப்புறம் எழுப்பிப் பாக்கறதுக்கு ஆயிரத்துக்கும் மேல கட்டளை அனுப்புனாங்க, பதில் வரல, 2019 பிப்ரவரி 13ல முடிஞ்சுதுன்னு அறிவிச்சாங்க.

கேள்வி: இறங்க முடியாமப் போனது உண்டா?

பதில்: நிறைய. 1971ல சோவியத்தோட மார்ஸ் 3 பத்திரமா இறங்கி ரெண்டு நிமிஷம் கூட ஆகல, பேச்சு நின்னு போச்சு, அது வயித்துக்குள்ள ஒரு குட்டி ரோவர் வேற இருந்துச்சு. எனக்கு ரொம்ப வலிக்கிறது பீகிள் 2 கதைதான். அது ரோவர் இல்ல, பிரிட்டன்காரங்க கட்டின சின்ன இறங்குகலம், 2003 கிறிஸ்துமஸ் அன்னிக்கு இறங்க வேண்டியது, சத்தமே இல்லாமப் போயிருச்சு, எல்லாரும் உடைஞ்சிருச்சுன்னு முடிவு கட்டிட்டாங்க. 2015 ஜனவரியில மேல இருந்து எடுத்த போட்டோவுல பாத்தா அது தரையில முழுசா இருக்கு, பேனல் எல்லாம் முழுசா விரியாததால சிக்னல் அனுப்ப முடியாமப் போயிருக்கு. அதுக்காகவே ஓடின விஞ்ஞானி காலின் பில்லிங்கர் 2014 மே மாசமே இறந்துட்டாரு, இறங்கினதுங்கிற சேதி அவர் காதுக்குப் போய் சேரவே இல்ல. ஒரு லேண்டிங்குக்கு கை தட்டுறப்போ இவங்களையும் நினைச்சுக்கணும்.

கேள்வி: இந்தப் பணத்தை ஏழைங்களுக்குக் கொடுக்கலாமே?

பதில்: நியாயமான கேள்வி, கோவப்பட ஒண்ணும் இல்ல. கியூரியாசிட்டிக்கு மொத்தமா சுமார் 250 கோடி டாலர், பல வருஷத்துல பிரிச்சு செலவு பண்ணது, அமெரிக்க ஜனத்தொகையில வகுத்தா தலைக்கு 8 டாலர் வரும். அந்தக் காசு செவ்வாய்க்குப் போகல, இங்க வேலை செஞ்சவங்க சம்பளமா இங்கயேதான் இருக்கு. பசியைப் போக்குறதுக்கு இதை நிறுத்தணும்னு எனக்குத் தோணல, அதுக்கு வேற இடத்துல கை வைக்கலாம்.

கேள்வி: கண்ட்ரோல் ரூம்ல எல்லாரும் வேர்க்கடலை சாப்பிடுறாங்களே, எதுக்கு?

பதில்: 1964ல இருந்து வர்ற பழக்கம். நிலாவுக்கு அனுப்பின ரேஞ்சர் விண்கலங்கள் வரிசையில முதல் ஆறும் தோத்துப் போச்சு, ஏழாவது தடவை யாரோ வேர்க்கடலை கொண்டு வந்தாங்க, ஜெயிச்சிருச்சு, அன்னிக்குப் பிடிச்சதை இன்னும் விடல.

கேள்வி: இறங்குற அன்னிக்கு எல்லாரும் பேசுறாங்க, அப்புறம் சத்தத்தையே காணோமே?

பதில்: எனக்கும் அதுதான் ஆதங்கம், ஏன்னா நல்ல விஷயமெல்லாம் அப்புறம்தான் நடக்குது. 2013 பிப்ரவரியில கியூரியாசிட்டி ஒரு பாறையில துளை போட்டுச்சு, விரல் நுழையுற அளவு அகலம், ஆறு சென்டிமீட்டர் ஆழம், மேல பூரா சிவப்புத் தூசி, உள்ள இருந்து வந்த தூள் சாம்பல் நிறம். அந்தத் தூளை வண்டிக்குள்ளயே சோதிச்சுத்தான் ஒரு காலத்துல அங்க குடிக்கிற மாதிரி தண்ணி கிடந்த ஏரி இருந்துச்சு, நுண்ணுயிர் வாழ ஏத்த இடமா இருந்துச்சுன்னு தெரிஞ்சுது. லேண்டிங் அன்னிக்கு கத்தினவங்கள்ல எத்தனை பேருக்கு இது தெரியும்? இன்ஜெனுயிட்டின்னு 1.8 கிலோ எடையில ஒரு ஹெலிகாப்டர், அஞ்சு தடவை பறந்தா போதும்னு பெர்சவரன்ஸோட அனுப்பினது, 2024 ஜனவரி வரைக்கும் 72 தடவை பறந்துச்சு. ரோவர் எடுக்கிற போட்டோ எல்லாத்தையும் நாசா அப்படியே பொதுவுல போட்டுடுது, யார் வேணா எடுத்துப் பாக்கலாம், ஒட்டி பெரிய படமாவும் ஆக்கலாம், உலகம் பூரா ஆர்வலர்கள் அதைத்தான் செஞ்சுட்டு இருக்காங்க. இன்னிக்கு ராத்திரியே ஆரம்பிங்க, புதுசா வந்த படங்கள்ல தூரத்து மலையை விட்டுட்டு சக்கரத்துக்குப் பக்கத்துல கிடக்குற கல்லுங்களை முதல்ல பாருங்க.