கால்பந்து கேள்வி – பதில்

கேள்வி: 2016-இல் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு ஆடிய ஆரன் ஹியூஸ், இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் சிவப்பு அட்டையே வாங்கியதில்லையாமே? ஸ்டாப்பர் பேக் (கோலுக்கு முன் நடுவில் நிற்கும் டிஃபெண்டர்) ஆடுகிறவருக்கு அது எப்படி முடியும்? – வாசகர், மார்த்தாண்டம்

பதில்: உண்மைதான். நியூகாசில், ஆஸ்டன் வில்லா, ஃபுல்ஹாம் மூன்றுக்கும் சேர்த்து 455 பிரீமியர் லீக் ஆட்டங்கள். ஒன்றில்கூட அவரை வெளியே அனுப்பவில்லை. வட அயர்லாந்துக்கு 112 ஆட்டங்கள். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் சிட்டியில் ஆடிவிட்டு கொச்சிக்கு வந்தபோது வயது 36. அதன்பிறகும் ஸ்காட்லாந்தின் ஹார்ட்ஸில் ஆடி, 2019-இல்தான் ஓய்வு.

அவர் பந்தைப் பறிப்பதைவிட, பந்து வரும் இடத்தில் முன்கூட்டியே நிற்பவர். ஸ்ட்ரைக்கரிடமிருந்து ஒரு கை தூரம் விட்டு, உடம்பைச் சாய்வாகத் திருப்பி, அவரை டச்லைன் (மைதானத்தின் பக்கவாட்டுக் கோடு) பக்கம் ஒதுக்க வேண்டும். பந்து அவர் காலைவிட்டு ஒரு முழம் விலகும்போதுதான் கால் நீட்டலாம். கடற்கரை மணலில் ஆடிப் பழகிய நம் பையன்கள் சறுக்கிப் பாய்ந்துவிடுகிறார்கள், மணலில் வலிக்காது. புல்தரையில் அது தவறினால் கீழே கிடப்பது நீங்கள், கோலை நோக்கி ஓடுவது ஸ்ட்ரைக்கர். எழுந்து துரத்திப் பின்னாலிருந்து இழுப்பதில்தான் பல சிவப்பு அட்டைகள் வருகின்றன.

விதியும் தெரிந்திருக்க வேண்டும். பெனால்டி பாக்ஸுக்குள் பந்துக்காக முயன்று, ஃபவுல் செய்து, உறுதியான கோல் வாய்ப்பைக் கெடுத்தால் 2016 முதல் பெனால்டியோடு மஞ்சள் அட்டைதான். சட்டையைப் பிடித்தாலோ தள்ளினாலோ சிவப்பு. பாக்ஸுக்கு வெளியே என்றால் பந்துக்காக முயன்றிருந்தாலும் சிவப்புதான்.

கேள்வி: மகனுக்கு 16 வயது, டிஃபெண்டர். ஸ்பெயின் கிளப்பில் சேர்த்துவிடுவதாக ஒரு ஏஜென்ட் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? – வாசகி, தூத்தூர்

பதில்: கொடுக்காதீர்கள். 18 வயதுக்கு முன் நாடு விட்டு நாடு கிளப் மாறுவதை ஃபிஃபா பொதுவாக அனுமதிப்பதில்லை. கால்பந்துக்குத் தொடர்பில்லாத காரணத்தால் பெற்றோர் அங்கே குடிபெயர்ந்தால் விலக்கு உண்டு. எல்லையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களுக்கும் ஒரு விலக்கு இருக்கிறது. அது நாட்டு எல்லை, கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை செக்போஸ்ட் அல்ல! திருவனந்தபுரம் கிளப்புக்குப் போவது உள்நாட்டு மாற்றம்தான். இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் சிஆர்எஸ் என்ற வீரர் பதிவில் கிளப்பை மாற்ற வேண்டும். இப்போதைக்கு அதைப் பாருங்கள்.

18 முடிந்தபின் எழுத்தில் ஒப்பந்தம், வேலை செய்ய அனுமதிக்கும் விசா, சர்வதேச மாற்றுச் சான்றிதழ் மூன்றும் வேண்டும். அந்தச் சான்றிதழை அந்த நாட்டுக் கூட்டமைப்பே நம் கூட்டமைப்பிடம் கேட்டு வாங்கும். ஏஜென்ட் கையில் கொண்டுவந்து தருகிற காகிதம் அல்ல அது.

கேள்வி: எங்கள் பையன் வெளிநாட்டில் விலைபோனால் ஊர் கிளப்புக்குப் பங்கு வருமா? – வாசகர், வாளையாறு

பதில்: ஒப்பந்தக் காலத்தின் நடுவே பணத்துக்கு மாறினால் வரும். தொகையில் 5 சதவீதம், 12 முதல் 23 வயதுவரை பயிற்சி தந்த கிளப்புகளுக்கு. 12 முதல் 15 வரை ஆண்டுக்கு 0.25, பிறகு ஆண்டுக்கு 0.5 சதவீதம். பையன் உங்கள் கிளப்பின் பெயரில் முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும். செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் போட்டி) கோப்பையோடு எடுத்த போட்டோ இதற்குச் செல்லாது.