கழுத்து மொட்டையான கோழியை விற்றுவிடலாமா?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கம் வீட்டு விளையில் (தோட்டத்தில்) எட்டு நாட்டுக்கோழி நிற்கிறது. ஒன்றரை வயதான மூன்று பெட்டைக்குக் கழுத்திலும் நெஞ்சிலும் தூவல் (இறகு) கொட்டுகிறது. தீனி எடுக்கிறது, முட்டை மட்டும் நின்றுவிட்டது. நோயா? விற்றுவிடவா?

பதில்: விற்காதீர்கள் அக்கா. தீனி எடுத்து ஓடியாடுகிற கோழிக்கு இந்த வயதில் கழுத்தில் தொடங்கித் தூவல் கொட்டினால், அது பெரும்பாலும் பழசைக் களைந்து புதுசு போடுகிற காலம்தான். வருஷம் ஒரு தடவை வரும், அடை கிடந்து எழுந்த கோழிக்கும் வரும். முடிய 8 முதல் 12 வாரம் ஆகலாம், அதுவரை முட்டையை எதிர்பார்க்க வேண்டாம்.

சந்தேகம் தீர ஒரு கோழியைப் பிடித்து மொட்டையான இடத்தைப் பாருங்கள். முள்ளு மாதிரிக் குருத்து முளைத்திருந்தால் பயமில்லை. குருத்தே இல்லாமல் தோல் சிவந்து, பின்பக்கத் தூவலின் அடியில் வெள்ளையாக ஈர் திரண்டிருந்தால் பேன். முதுகு மட்டும் மொட்டை என்றால் சேவல் மிதித்தது. இந்தச் சோதனை ஒரு தடவை போதும், ஏனென்றால் குருத்துக்குள் ரத்தம் ஓடும், அழுத்தினால் கோழிக்கு வலிக்கும், ஒடிந்து ரத்தம் வடிந்தால் மற்ற கோழிகள் அங்கேயே கொத்தும்.

நம் மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. அந்த நாட்களில் புழுதிக் குளியலுக்குக் காய்ந்த மண் கிடைக்காமல் பேன் பெருகும். சாய்ப்புக்கு அடியில் காய்ந்த மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து போட்டு வையுங்கள்.

அப்புறம் தீனி, முக்கியமே இதுதான். தூவலில் 80 சதவீதத்துக்கு மேல் புரதம். சோறும் தேங்காய்ப் பிண்ணாக்கும் மட்டும் போட்டால் தூவல் முளைக்க நாளாகும், தூவலுக்கு வேண்டிய மெத்தியோனின் என்கிற புரதக் கூறு பிண்ணாக்கில் குறைவு, மீனில் நிறைய. குளச்சலும் தேங்காய்ப்பட்டணமும் பக்கத்தில்தானே, சாளை மீனின் தலையும் குடலும் வேகவைத்துத் தினமும் கொஞ்சம் கொடுங்கள். கரையான் கிடைத்தால் அதுவும் நல்லது. உப்புக் கருவாடு மட்டும் வேண்டவே வேண்டாம், உப்பு மிஞ்சினால் கோழி ஓயாமல் தண்ணீர் குடித்து, கழிந்து, செத்தே போகும். கருவாடு தான் கொடுப்பீர்கள் என்றால் உப்புப் போடாமல் வெயிலில் காயவைத்ததாக வாங்குங்கள்.

கோழி தூங்கி விழுந்தாலோ, பச்சையாகக் கழிந்தாலோ, முகம் வீங்கினாலோ அது வேறு விஷயம். மற்றதிலிருந்து பிரித்து அடைத்துவிட்டு, அன்றைக்கே கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள்.