மன்னவனூர் மரவீடு: முதலில் பாதையைப் பாருங்கள்

வணக்கம் ஐயா. கொடைக்கானல் மன்னவனூருக்கு அப்பால், மின்கம்பம் எட்டாத இடத்தில் 2 ஏக்கரும் மரவீடும் விலைக்கு வருகின்றன, முன்பணம் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது கொடுக்காதீர்கள்.

என் கவலையெல்லாம் அந்த வீட்டுக்குப் போகும் ஒன்றரைக் கிலோமீட்டர் ஜீப் பாதைதான். 'இத்தனை வருடமாகப் போய்வருகிறோம்' என்று விற்பவர் சொல்வது உரிமை ஆகாது. நில எல்லைகளைக் காட்டும் புல வரைபடத்துடன் ஒரு சர்வேயரை அழைத்துக்கொண்டு அந்தப் பாதையை முழுவதும் நடந்து பாருங்கள். அது பட்டா நிலத்தில் போகிறதா, புறம்போக்கிலா, காப்புக்காட்டிலா? காப்புக்காடு என்றால், வனத்துறை ஒருநாள் சங்கிலி கட்டிவிட்டால் வீடு இருந்தும் போக வழியிருக்காது. பட்டா நிலம் என்றால் பாதை உரிமை பத்திரத்தில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அந்த நிலமே 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகிறதா என்றும் விசாரியுங்கள். வந்தால், முன் அனுமதி இல்லாத விற்பனை செல்லாது. வீட்டுக்குக் கட்டட அனுமதி உண்டா என்பதற்குக் காகிதம் கேளுங்கள், வாய்ச்சொல் போதாது.

சோலார் நல்லதுதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மழையும் மூடுபனியும் நாள்கணக்கில் விலகாது. பேட்டரியை அதற்கேற்பக் கணக்கிடுங்கள். அங்குள்ள ஓடையில் தண்ணீர் ஓடுகிறதா என்று பங்குனியில் ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.