பரண் இல்லாத ஊரில் ஒரு பெட்டி

அன்பின் ஐயாவுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோருடன் நோர்வேக்கு வந்தவள் நான். வடக்கே ஒரு சிறு நகரத்தில் முதியோர் இல்லத்தில் வேலை. மார்கழியில் இங்கே சூரியனே வராது. இரவு வேலை நேரத்தில் மர்ம நாவல்களாக வாசித்துத் தள்ளி, இப்போது நானே ஒன்று எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஹம்மர்ஃபெஸ்ட்டில் 1938இல் கட்டிய மரவீடு. அதை விற்க வரும் பேத்தி பரணில் ஒரு பெட்டியைக் கண்டெடுக்கிறாள். பாட்டியின் தங்கை 1945இல் காணாமல் போனது தெரியவருகிறது. முதல் ஐந்து அத்தியாயங்களை இணைத்துள்ளேன். மூன்று கேள்விகள். பனியையும் இருட்டையும் திகிலாக எழுதுவது எப்படி? கொலையாளி யார் என்பதை எந்த இடத்தில் சொல்ல வேண்டும்? நான் பராமரிக்கும் முதியவர்கள் சொன்னதைக் கதையில் சேர்க்கலாமா?

த., நோர்வே

அன்புள்ள த.,

கொஞ்ச நாளாகக் கடிதங்களுக்குப் பதில் எழுதாமல் தள்ளிப்போட்டு வந்தேன். உங்கள் கடிதத்தில் 1945 என்ற எண்ணைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். அந்த வருடத்து நார்வேயைப் பற்றித்தான் சில வாரங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஓர் இளம்பெண் அப்போது காணாமல் போனாள் என்று எழுதிவிட்டு, கொன்றது யார் என்று தேடுகிறீர்கள். அந்த வருடம் அந்த நாட்டில் ஒரு பெண் காணாமல் போவதற்குக் கொலையாளியே தேவையில்லை அம்மா.

முதலில் பனியை முடித்துவிடுவோம். முதல் அத்தியாயத்தில் மட்டும் 'வெண்போர்வை' நாலு தடவை வருகிறது. சென்னையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து நான் எழுதினால் அப்படி எழுதலாம். நீங்கள் இருட்டில் எழுந்து, கார் கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டிவிட்டு வேலைக்குப் போகிறவர். அந்தச் சுரண்டலை எழுதுங்கள், போதும். அப்புறம் மூன்றாம் அத்தியாயம். டிசம்பர் நள்ளிரவில் பாட்டியின் அண்ணன் மண்வெட்டியோடு கொல்லைக்குப் போய், அரை மணி நேரத்தில் ஆள் உயரக் குழி வெட்டிவிட்டு வந்து காபி குடிக்கிறார். அந்த மாதத்தில் அங்கே மண் கல்லாக இறுகிக் கிடக்கும். குளிர் நாடுகளில் செத்தவர்களையே மண் இளகும்வரை காக்கவைத்துப் புதைத்த காலம் உண்டு. உங்கள் அண்ணனுக்கு மட்டும் என்ன சலுகை?

இதைவிடப் பெரிய கோளாறு அந்த வீடு. 1944 இலையுதிர்காலத்தில் சோவியத் படை கிழக்கிலிருந்து நெருங்கியபோது, பின்வாங்கிய ஜெர்மன் படை, ஹம்மர்ஃபெஸ்ட் இருக்கும் வடகோடி மாகாணமான ஃபின்மார்க்கின் பெரும்பகுதியையும் அதை ஒட்டிய வடக்கு டிரோம்ஸையும் எரித்துவிட்டுப் போனது. வீடு, பள்ளி, தேவாலயம், படகுத்துறை எதையும் விடவில்லை. சுமார் 50,000 பேரைக் கிளப்பித் தெற்கே அனுப்பினார்கள். ஹம்மர்ஃபெஸ்ட்டில் மிஞ்சி நின்றது கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலயம் ஒன்றுதான். உங்கள் 1938 மரவீடு, அதன் பரண், பரணில் பூட்டிய பெட்டி, அதற்குள் ரிப்பன் கட்டிய கடிதங்கள், எல்லாம் சாம்பல். அந்தப் பக்கத்திலேயே வாழ்ந்துகொண்டு, பக்கத்தில் இருக்கும் ஒரு கிழவியிடம்கூட விசாரிக்காமல் இதை எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சரி, திட்டியாகிவிட்டது. ஆனால் இதை வெறும் தகவல் பிழையென்று திருத்திவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். உங்கள் நாவலே இந்த இடத்தில்தான் இருக்கிறது. பரணே இல்லாத ஊரில் குடும்ப ரகசியம் எங்கே போய்த் தங்கும்?

அலுவலகத்தில் தங்கும். ஜெர்மனி 1940 ஏப்ரலில் நார்வேக்குள் நுழைந்தது, 1945 மே வரை இருந்தது. அந்தக் காலத்தில் ஜெர்மன் வீரர்களுக்கும் நார்வேப் பெண்களுக்கும் பிறந்த குழந்தைகள் 10,000 முதல் 12,000 வரை என்று மதிப்பிடுகிறார்கள். நாஜிகளின் எஸ்.எஸ். அமைப்பு, 'தூய இனக்' குழந்தைகளைப் பெருக்கும் தன் 'லேபென்ஸ்போர்ன்' திட்டத்தை 1941-ல் அங்கேயும் தொடங்கிப் பிரசவ விடுதிகள் நடத்தியது. இனவெறியர்களுக்கே உரிய ஒழுங்கோடு தாய் பெயர், தகப்பன் பெயர் என்று பதிந்து வைத்தது. போர் முடிந்தபின் அந்தப் பிள்ளைகள் 'என் அப்பா யார்' என்று வீட்டில் கேட்டால் கிடைத்தது மௌனம், சில வீடுகளில் அடி. பெயரோ ஒரு கோப்பில் இருந்தது.

தாய்மார்களின் கதை இன்னும் மோசம். 1945 மே மாதம் தெருவில் பிடித்து முடியை வெட்டினார்கள். ஆயிரக்கணக்கான பெண்களை முகாம்களில் அடைத்தார்கள். ஜெர்மன் வீரனோடு பழகியது எந்தச் சட்டப்படியும் குற்றமாக இருக்கவில்லை. ஜெர்மன்காரனைக் கல்யாணம் செய்தவர்களின் குடியுரிமையைப் பறித்து ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். ஜெர்மன் பெண்ணைக் கட்டிய நார்வே ஆண்களை யாரும் நாடுகடத்தவில்லை. பாட்டியின் தங்கை எங்கே போயிருப்பாள் என்று இப்போது தெரிகிறதா? ஒரு லாரி, ஒரு கப்பல். பட்டப்பகலில், ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று உண்டு. இதே நார்வேதான் 1915-ல் காஸ்ட்பெர்க் சட்டங்களைக் கொண்டுவந்தது. திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கும் தகப்பன் பெயரும் சொத்துரிமையும் உண்டு என்றது. உலகத்தில் பல நாடுகள் யோசித்தே பார்க்காத காலம் அது. தகப்பனைத் தேடிக் கண்டுபிடிப்பது தன் வேலை என்று சொன்ன அரசு, முப்பது வருடம் கழித்து, பெயர் கையிலேயே இருந்தும் பிள்ளையிடம் கொடுக்கத் தயங்கியது. மர்மக் கதைக்கு இதைவிட நல்ல முடிச்சு எனக்குத் தெரியாது.

'ABBA' இசைக்குழுவின் பாடகி ஃப்ரீடாவைத் தெரியுமில்லையா, ஆன்னி-ஃப்ரிட் லிங்ஸ்டாட்? 1945 நவம்பரில் நார்விக் பக்கம் பிறந்தவர். தகப்பன் ஜெர்மன் படைவீரர். பாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஸ்வீடனுக்குப் போய்விட்டார். தாய் 21 வயதில் இறந்துபோனார். ஊர் திரும்பும்போது கப்பல் மூழ்கி அப்பா செத்துவிட்டார் என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். 1977-ல் 'பிராவோ' என்ற ஜெர்மன் இளைஞர் பத்திரிகையில் அவர் வாழ்க்கைக் குறிப்பு வந்தது. தகப்பனின் பெயரை அதில் பார்த்த உறவுக்காரர் ஒருவருக்குப் பொறி தட்டியது. முப்பது தாண்டிய பெண், அந்த வருடமே அப்பாவை முதல் தடவை பார்த்தார். அந்த அப்பா கேக், பேஸ்ட்ரி செய்யும் தொழிலில் வாழ்ந்தவர், எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை.

காகிதம் எங்கள் வீட்டிலும் பேசியது. ஒரு லீவில் பழைய மொய் நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அப்பா கல்யாணம், அத்தை கல்யாணம், என் காதுகுத்து. ஒவ்வொன்றிலும் தாய்மாமன் பெயருக்கு நேர் கீழே, ஆள் பெயர் இல்லாமல் ஊர்ப்பெயர் மட்டும் போட்டு ஒரு வரி. தொகை எப்போதும் தாய்மாமனைவிட ஒரு ரூபாய் குறைவு. பாட்டியிடம் நீட்டிக் கேட்டேன். "கண்ணாடிய எங்கயோ வச்சிட்டேன், எழுத்தே தெரியல" என்றாள். கண்ணாடி மூக்கில் இருந்தது. மொய் எழுதினவருக்குத் தெரியும், பந்தியில் இலை போட்டவருக்குத் தெரியும், எதிர்வீட்டுக்குத் தெரியும். பேரனுக்கு மட்டும் தெரியாது. யார் என்று பின்னால் கண்டுபிடித்துவிட்டேன், ஆனால் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு ரூபாய் குறைத்து எழுதத் தெரிந்த அந்த மனிதருக்கு நான் தரும் மரியாதை அது.

கொலையாளிக்கு வருகிறேன். உங்கள் நாட்டில் ஈஸ்டர் என்றால் குற்றக்கதை. 1923-ல் ஒரு மர்ம நாவலுக்கான விளம்பரத்தை, பெர்கன் ரயில் இரவில் கொள்ளைபோனது என்று செய்தித் தலைப்பு மாதிரியே நாளிதழின் முதல் பக்கத்தில் போட்டார்கள். நிஜம் என்று ஊர் பதறியது. அன்றைக்குப் பிடித்த வழக்கம், இன்றைக்குப் பால் அட்டைப்பெட்டியில்கூட மர்மக் கதை அச்சடிக்கிறார்கள். மலைக்குடிலில் ஆரஞ்சு உரித்துக்கொண்டு படிக்கலாம். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அந்தக் கதைகள் செய்யும் ஒரு வேலையைக் கவனியுங்கள். கடைசியில் ஒரு கிறுக்கன் மாட்டுவான், மீதி ஊர் முழுக்க நிரபராதியாகித் தூங்கப் போகும். உங்கள் கதையில் அண்ணன் அந்தக் கிறுக்கன். அவனை எடுத்துவிடுங்கள். கத்தரிக்கோலைக் கொண்டுவந்து கொடுத்த கடைக்காரர் யார்? பட்டியலில் பெயரைச் சேர்த்தது யார்? ஒரே கட்டிலில் படுத்து வளர்ந்த அக்கா, அதாவது உங்கள் பாட்டி, அன்றைக்கு எங்கே நின்றாள்? அவளை விசாரியுங்கள். அன்பாக விசாரியுங்கள், ஆனால் விடாதீர்கள்.

காலத்தையும் மாற்றலாம். போர்க்குழந்தைகள் சிலர் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம்வரை போனார்கள். காலம் கடந்துவிட்டது என்று 2007-ல் வழக்கைத் தள்ளிவிட்டார்கள். ஜெர்மன் வீரர்களோடு பழகியதற்காகத் தண்டிக்கப்பட்ட அந்தத் தாய்மார்களிடம் அன்றைய பிரதமர் ஏர்னா சூல்பெர்க் மன்னிப்புக் கேட்டது 2018 அக்டோபரில்தான். அதற்குள் அவர்களில் பெரும்பாலோர் உயிரோடு இல்லை. பேத்தி அந்த அக்டோபரில் வரட்டும். போருக்குப் பின் கட்டிய வீட்டுக்கு வரட்டும்.

மூன்றாவது கேள்விக்கு இல்லை என்பதுதான் பதில். வேலையில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்று உங்கள் நாட்டில் சட்டமே இருக்கிறது, நீங்கள் கையெழுத்தும் போட்டிருப்பீர்கள். அதற்குப் பதிலாக வேறொன்று செய்யுங்கள். 1920 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நூறு வருடம் பூட்டி வைத்து 2020 டிசம்பரில் திறந்தார்கள். இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஹம்மர்ஃபெஸ்ட் பக்கங்களைத் தெருத்தெருவாகப் படியுங்கள். வீட்டுக்கு எத்தனை பேர், என்ன தொழில், யார் குடக்கூலிக்கு இருந்தார்கள் என்று பார்த்துப் பாட்டியின் பெற்றோருக்கு ஒரு வீடு அமைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஐந்து அத்தியாயம் அனுப்ப வேண்டாம். ஒன்று போதும், குழி வெட்டாமல்.