வாட்ஸ்அப்பில் வந்த பூதம்

கேள்வி: 1932-ல் சென்னையில் எடுத்த 'மலைப் பூதம்' என்ற பேசும் படம் பற்றி, போஸ்டரோடு ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ராட்சத பொம்மை தீப்பிடித்து, முதலாளி கடனாளியாகி, கடைசியில் படச்சுருளே தொலைந்துவிட்டதாம். நிஜமா?
- வாசகர், பெரம்பூர்

பதில்: கதை ஜோர்தான். எனக்கும் ஆளாளுக்கு அனுப்புகிறார்கள். ஆனால், படம் டூப்பு. போஸ்டரைப் பெரிதாக்கி 'லை' என்ற எழுத்தைப் பாருங்கள். இப்போது நாம் எழுதுகிற மாதிரியே இருக்கிறது. அந்தக் கால அச்சில் அது யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவோடு இருக்கும். பெரியார் 'குடி அரசு' இதழில் எழுத்தை மாற்றியதே 1935-ல்தான். அரசாங்கம் ஏற்றுக்கொண்டது 1978-ல், எம்.ஜி.ஆர். ஆட்சியில்.

சரி, 1932-ல் இங்கே பேசும் படம் எடுக்க ஸ்டுடியோ ஏது? முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) பம்பாயில் எடுத்தது. ஏ. நாராயணன் தன் சீனிவாசா சினிடோனில் 'சீனிவாச கல்யாணம்' எடுத்தது 1934-ல். அதுவரை பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறினார்கள் நம்மவர்கள்.

பாதியில் நின்ற ராட்சதப் படம் ஹாலிவுட்டில் நிஜமாகவே உண்டு. ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவில் பொம்மைகளை அசையவைக்கும் வித்தைக்காரர் வில்லிஸ் ஓ'பிரையன் வேலை செய்துகொண்டிருந்த டைனோசர் படம் 'கிரியேஷன்'. புதிதாக வந்த மெரியன் கூப்பர் அதை நிறுத்திவிட்டார். ஆனால் ஓ'பிரையனை விடவில்லை. 1933-ல் ராட்சதக் குரங்குப் படம் 'கிங் காங்' வந்தது. காங் பொம்மை ஒன்றரை அடிதான், மேலே முயல் ரோமம். ஃபிரேமுக்கு ஃபிரேம் கையால் நகர்த்தினார்கள். விரல் பட்ட இடமெல்லாம் ரோமம் கலையும். காங் சும்மா நிற்கும்போதும் உடம்பு சிலிர்க்கிறதே, அது இந்த விரல்களின் வேலை.

கேள்வி: அப்போ, தொலைந்துபோன பேய்ப்படம் எதுவுமே கிடையாதா?
- அதே வாசகர்

பதில்: இருக்கிறதே. லான் சேனி நடித்து 1927-ல் வந்த 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்'. கடைசிப் பிரதி எம்.ஜி.எம். ஸ்டுடியோவின் கிடங்குத் தீயில் 1965-ல் போய்விட்டதாகச் சொல்வார்கள். மிச்சம் ஸ்டில்கள்தான். அவற்றை வரிசைப்படுத்தி 2002-ல் டிவியில் காட்டினார்கள்.

நம் கதை இதைவிட மோசம். கீழ்ப்பாக்கத்தில் நடராஜ முதலியார் எடுத்த மௌனப் படம் 'கீசக வதம்'; அதன் ஒரு பிரதிகூட இல்லை. 'காளிதாஸ்' படமும் போச்சு, பாட்டுப் புத்தகம் தப்பித்தது. அன்றைய நைட்ரேட் ஃபிலிம் தீப்பிடித்தால் தண்ணீருக்குள்ளும் எரியும். உங்கள் வீட்டுப் பரணில் பழைய டப்பா கிடந்தால், பக்கத்தில் பீடி பற்றவைக்காமல், புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு முதலில் தகவல் கொடுங்கள்; வாட்ஸ்அப்புக்கு அப்புறம் போகட்டும்.