ஒருவரே இரட்டை நாயனம்

கேள்வி: கச்சேரி கேட்டே வளர்ந்தவள் நான். விடுமுறைக்கு வந்த பேத்தி, அமெரிக்கப் பாடகி நினா சிமோனின் முதல் ஆல்பமான 'லிட்டில் கேர்ள் புளூ'வைப் போட்டுக் காட்டினாள். ஜாஸ் என்கிறாள், எனக்கோ நடுநடுவே தேவாலயத்துப் பாட்டுப் போல் கேட்கிறது. கோளாறு என் காதிலா?
— வாசகி, திருவையாறு

பதில்: கோளாறே இல்லை, அம்மா. தலைப்புப் பாடலில் பியானோ முதலில் எடுப்பது 'குட் கிங் வென்செஸ்லாஸ்' என்னும் கிறிஸ்துமஸ் பாட்டின் மெட்டைத்தான். அந்த மெட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் வேறொரு பாட்டைப் பாடுகிறார்.

நினாவின் இயற்பெயர் யூனிஸ் வேமன். மெதடிஸ்ட் போதகரின் மகளான அவர், ஜெர்மானிய இசைமேதை பாக்கின் இசையில் ஊறி, மேடைப் பியானோ கலைஞராகும் கனவோடு வளர்ந்தவர். ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் இசைக்கழகம் 1951இல் இடம் மறுத்தது. தோலின் நிறமே காரணம் என்று அவர் கடைசிவரை நம்பினார். பிழைப்புக்காக 1954இல் அட்லாண்டிக் சிட்டியின் மதுக்கூடம் ஒன்றில் வாசிக்கப் போனவரிடம், பாடினால்தான் வேலை என்று முதலாளி சொல்லிவிட்டார். மதுக்கூடத்தில் வாசிப்பது தாய்க்குத் தெரியக் கூடாதென்று வைத்துக்கொண்ட பெயர்தான் நினா சிமோன். ஆக, பாட்டு பின்னால் வந்தது. கை முன்பே பழகியிருந்தது.

அந்தக் கையைக் கேட்க 'லவ் மீ ஆர் லீவ் மீ' பாடலின் நடுப்பகுதிக்குப் போங்கள். குரல் ஓய்ந்ததும் வலக்கை ஒரு சொற்றொடரை எடுக்க, இடக்கை தனக்கென வேறொரு வழியில் அதனோடு பேசிக்கொண்டே நடக்கிறது. சுவாமி புறப்பாட்டில் ஒரு நாயனக்காரர் விட்ட இடத்தை அடுத்தவர் பிடிப்பதைக் கேட்டுப் பழகிய காவிரிக்கரைக் காதுக்கு இது அந்நியமாக இராது. இங்கே இரண்டு பேர் வேலையையும் பத்து விரல்களே பார்க்கின்றன என்பதுதான் வேறுபாடு. ஜாஸ் என்ற முத்திரை அவருக்கே பிடித்ததில்லை.

கேள்வி: 'மை பேபி ஜஸ்ட் கேர்ஸ் ஃபார் மீ' பாடலும் இதே ஆல்பம்தானே? நல்ல பணம் வந்திருக்குமே?
— வாசகர், மன்னார்குடி

பதில்: இதே ஆல்பம்தான். 1957 இறுதியில் பதிவாகி 1959இல் பெத்லகேம் நிறுவனம் வெளியிட்டது. 1987இல் சானல் நம்பர் 5 வாசனைத் திரவிய விளம்பரத்தில் ஒலித்த பின், அந்தப் பாடல் பிரிட்டன் விற்பனை வரிசையில் 5ஆம் இடம் வரை ஏறியது. ஆனால், நாற்று முற்றுமுன் நெல்லை விலைபேசிக் கொடுத்தவர் கதையாக, பதிவின் உரிமையை அவர் தொடக்கத்திலேயே 3,000 டாலருக்கு எழுதிக் கொடுத்திருந்தார்.